முட்டி போட்ட ஊர்

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், சம்மனசுபுரம் இராயப்பர் நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும், அதில் போய் உட்காருவதற்காகப் புதுச்சேலையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி எடுத்துவைத்தார் தெக்லா டீச்சர். அவரைத் தாண்டிக்கொண்டு எங்கிருந்தோ வந்த ஒரு சின்ன வயசுச் சிஸ்டர் போய் அதில் உட்கார்ந்தார். ஆசிரியர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். தெக்லா டீச்சரும் தட்டினார்.

பழைய தலைமையாசிரியர் கோடையிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த மூப்பு தெக்லா டீச்சர்தான் என்பது அந்தப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குக்கூடத் தெரியும். ஐந்தாம் வகுப்பு ஏ பிரிவை விட்டு நகராமல், கல்யாணமும் கட்டாமல், தலைமுடி கறுப்பிலிருந்து வெள்ளையாகும் வரைக்கும் அந்த ஒரே அறையில் நின்றே காலத்தைக் கழித்தவர் அவர். கடைசிக் கொஞ்ச காலமாவது உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்ததில் தப்பொன்றும் இல்லைதானே? ஆனால் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதே. தாளில் அது ஆயர் இல்லம், அதாவது பிஷப். ஊரில் அது பங்குச்சாமியார் அமலதாஸ். அந்த அமலதாஸ் யார் என்று கேட்டால், ஏ பிரிவின் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, சொன்ன இடத்தில் சொன்னபடி கைகட்டி, பத்துக் கட்டளையையும் வகுத்தல் கணக்கையும் ஒரே மூச்சில் ஒப்பித்து, ‘இவன் சாமியாராத்தான் போவான்’ என்று தெக்லா டீச்சர் வாயாலேயே சொல்லக் கேட்டு அப்படியே போனவன்.

“சட்டத்துல எடம் இருக்கு டீச்சர்,” என்றார் அமலதாஸ் சாமியார், வராந்தாவில் வைத்து, தீர்த்தச் செம்பைக் கையில் பிடித்தபடியே. “சிறுபான்மைப் பள்ளிக்கூடம். நிர்வாகம் யாரை வேணாலும் போடலாம். சிஸ்டர் ஜெரோசா எம்.பில். இங்கிலீஷ்ல பிரேயரே நடத்துவாங்க.”

“நான் வேண்டாம்னு யாரு சொன்னா?”

“வேண்டாம்னு யாரும் சொல்லல. ஓய்வு பெறுத நேரத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்.”

‘எனக்குச் சிரமம்னு நான் உன்கிட்ட வந்து அழுதேனால?’ என்று கேட்க நினைத்தார். வாய் என்னவோ, “சரி சாமி, தோத்திரம்,” என்றுதான் சொன்னது.

அந்த ‘சரி சாமி’யை வாய்க்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு தெக்லா டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து, கரும்பலகையில் தேதி எழுதப் போனபோது சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பாமலே சொன்னார்: “எல்லாரும் முட்டி போடு.”

வகுப்பு முட்டி போட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த அமலதாஸ் சாமியாரும் செம்பு உருள, அங்கி மண்ணில் பட, மடக்கென்று முட்டி போட்டார். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று கையை ஓங்கிக்கொண்டிருந்த கவுன்சிலர் வியாகுலம் ஓங்கிய கையோடு முட்டி போட்டாள். பஸ் ஸ்டாண்டில் விசில் வாயோடு கண்டக்டர் விழுந்தார், சலூனில் பாதி மழித்த முகத்தோடு ஆள் விழ, கத்தியைப் பிடித்தவரும் அவர் எதிரிலேயே விழுந்தார், கோயிலில் தாலியை எடுத்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை விழுந்தான், பொண்ணு அசலூர் என்பதால் நின்றபடியே குனிந்து ‘என்ன இது’ என்று பார்த்தாள். இப்படியாக, எந்தக் காலத்திலாவது தெக்லா டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பு படித்த அத்தனை பேரும், தலை நரைத்தவனும் பேரன் எடுத்தவளும், எங்கே நின்றார்களோ அங்கே முட்டி போட்டார்கள். எழுந்திருக்க யாராலும் ஆகவில்லை. இடைவேளை மணி அடித்து, டீச்சர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் “எந்திரி” என்று சொன்ன பிறகுதான் ஊர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டது.

ஏன் இப்படி ஆனது என்று சம்மனசுபுரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்தப் பீரியடில் ஆகும் என்றுதான் கேட்டார்கள். முதல் பீரியடு ஞானோபதேசம் என்கிற வேதபாடம், அதில் டீச்சர் பெரும்பாலும் சாந்தமாக இருப்பார்; கணக்குப் பீரியடுதான் ஆபத்து என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்ல, ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. கணக்குப் பீரியடில் யாரும் பனை ஏறவில்லை, யாரும் கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் நிற்கவில்லை. டெய்லர் கடையில் முட்டிக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்தார்கள். பெண்கள் இடுப்பில் சாக்குத் துண்டைச் சொருகிக்கொண்டு நடந்தார்கள். கல்யாணம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. மஸ்கட்டில் சாரம் கட்டுகிற ஒருத்தன் போன் போட்டு, “இங்க நேரம் வேற, கொஞ்சம் பாத்துச் சொல்லச் சொல்லுங்க,” என்று அழுதான். தரகர்கள், பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏ பிரிவா பி பிரிவா என்று கேட்டார்கள். பி பிரிவில் படித்தவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். தெக்லா டீச்சரிடம் ஐந்தாவது பாஸ் என்று சொல்லிப் பல காலமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு கோயில் கணக்கர், எல்லாரும் விழுந்த நேரத்தில் தான் மட்டும் நின்றுவிட்ட அவமானத்தில், அடுத்த தடவை தானாகவே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார்.

தெக்லா டீச்சருக்கு விஷயம் தெரிந்தபோது, அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி, மெதுவாக, சோதித்துப் பார்க்கிற குரலில், “முட்டி போடு” என்றார். பஸ் ஸ்டாண்டு பாதியாகக் குட்டையாகிப் போனது. ‘இத்தனை பேரா?’ என்று நினைத்தார். சொல்லிக்கொடுத்ததெல்லாம் டஸ்டரில் துடைத்த சாக்பீஸ் தூளாகக் காற்றில் போய்விட்டது என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தார்? ஒன்றும் போகவில்லை. எல்லாம் முட்டிக்குள் இருந்திருக்கிறது. டீச்சருக்குக் கண் கலங்கியது; கலங்கிய கண்ணோடே, இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று விட்டார்.

அமலதாஸ் சாமியார் அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை.

“டீச்சர், ஊரு தாங்காது. இத நிப்பாட்டணும்.”

“நாற்காலிய எனக்குக் குடுங்க. நிப்பாட்டுதேன். தலைமையாசிரியருக்குக் கிளாசு கிடையாதுல்லா? கிளாசு இல்லன்னா யாரைப் போய் முட்டி போடச் சொல்லப் போறேன்?”

“அது ஆயர் இல்லத்து முடிவு.”

“ஆயருக்கு என் பேரு தெரியுமா சாமி?”

“டீச்சர், நீங்க கோபத்துல பேசுதீங்க. நம்ம வேலை ஒரு அழைத்தல். நாற்காலிக்காகவா நாம இதுக்கு வந்தோம்?”

“நீ எதுக்கு வந்தன்னு எனக்குத் தெரியும்ல அமலா. நான் அனுப்பித்தான் வந்த. முட்டி போடு.”

சாமியார் விழுந்தார். ஊரும் விழுந்தது. டீச்சர் உலை வைத்து, சோறு பொங்கி, குழம்பு தாளித்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, “எந்திரி,” என்றார்.

அதற்குப் பிறகு பகை வெளிப்படையாகவே நடந்தது. பால்காரர் பால் ஊற்றாமல் டீச்சர் வீட்டைத் தாண்டிப் போனார். வாசலில் சாணியை அடித்தார்கள். கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது வரிசை அவருக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு அறுந்தது. “இவ கையால அடிவாங்கினதுக்கு எம்புள்ளைய கவர்மெண்டு ஸ்கூல்ல போட்டிருக்கலாம்,” என்று தண்ணீர்க் குழாயடியில் சத்தமாகவே பேசினார்கள். பேசியவர்களைத் தண்ணீர்க் குழாயடியிலேயே, சகதியிலேயே, குடத்தோடு முட்டி போட வைத்தார் டீச்சர். அவர்கள் இன்னும் சத்தமாகப் பேசினார்கள். அவர் இன்னும் நீளமாகப் போட வைத்தார். சிஸ்டர் ஜெரோசா மட்டும் எதுவும் ஆகாதவராக, அந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்து, “நான் விழமாட்டேன் டீச்சர், நான் வேற மறைமாவட்டம்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவும் ஊர்தான் முட்டி போட்டது.

இந்தச் சண்டைக்கு நடுவே ஒரே ஓர் ஆட்டோ மட்டும் எல்லாப் பீரியடிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் கஸ்பார். மற்ற டிரைவர்கள் எல்லாம் ஏ பிரிவு. எந்தத் திருப்பத்தில் விழுவார்களோ என்று பயந்து யாரும் ஏறுவதில்லை. கஸ்பார் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் போலிருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளிகளும் அவன் வண்டியில் ஏறினார்கள். அவனும் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெக்லா டீச்சருக்குத் தெரியும். அவன் ஏ பிரிவுதான். அவன் அப்பா கோயிலில் தாலி கட்டாமல் ஞானஸ்நானம் இல்லாத ஒருத்தியோடு குடும்பம் நடத்தியவர். அதனால் கஸ்பாரை ஞானோபதேசப் பீரியடில் வெளியே அனுப்புவது வழக்கம். அப்படி அனுப்பியனுப்பிப் பழகி, மற்றப் பீரியடிலும் ஏதாவது ஒன்றைச் சொல்லி வெளியே முட்டி போட வைப்பது வழக்கமாகிவிட்டது. அவனுக்கு என்ன வந்தது? டீச்சர் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தே “முட்டி போடு” என்று சொல்லிப் பார்த்தார். அவனைச் சுற்றி எல்லாரும் விழ, அவன் வண்டி சீட்டில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலையை உடைத்துத் தின்றான். நாற்காலி போனது ஒரு எரிச்சல் என்றால் இது அதைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது. அவரிடம் படித்தும் படியாமல் போன ஒருத்தன்.

கவுன்சிலர் வியாகுலம்தான் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதைக் கேட்டாள்: “ஏன் சாமி, அந்தப் பொம்பளைக்கும் ஒரு டீச்சர் இருந்திருப்பால்லா?”

இருந்தார். மதர் கபிரியேல். தெக்லா இதே பள்ளிக்கூடத்தில், பின்னல் மடித்துக் கட்டிய சிறுமியாக ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஊசி விழுந்தால்கூடச் சத்தம் கேட்கும்படி வகுப்பை வைத்திருந்தவர். இப்போது வேறொரு ஊரில், வயசான கன்னியர்கள் இருக்கிற மடத்தில், காலை எது மாலை எது என்று தெரியாமல் படுத்திருந்தார். அழைத்து வர ஓர் ஆட்டோ வேண்டியிருந்தது. வழியில் விழாத டிரைவர் ஒருவன்தான் இருந்தான்.

ஆக, ஒரு நாள் காலைப் பிரேயருக்கு முன்னால், ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் கூடி நிற்க, கஸ்பாரின் ஆட்டோ கேட்டுக்குள் வந்தது. அதிலிருந்து வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்ன உருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சிஸ்டர் ஜெரோசா விட்டுக்கொடுத்த அந்தத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வகுப்பிலிருந்து வெளியே வந்த தெக்லா டீச்சருக்கு, நாற்காலியில் இருப்பது யார் என்று அடையாளம் தெரிந்தபோது, அவருடைய கைகள் தாமாகவே மார்பில் கட்டிக்கொண்டன.

“மதர்,” என்று காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினார் சாமியார். “இது தெக்லா! உங்க ஸ்டூடண்ட்! பேச்சு கேக்க மாட்டேங்குறா! சொல்லுங்க!”

மதர் கபிரியேல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெறும் வாயை மென்றார்.

“முட்டி போடு,” என்றார் மதர்.

தெக்லா டீச்சரின் முட்டி இரண்டும் சரளைக்கல்லில் போய் இடித்தன. கூட்டத்தில் அங்கங்கே சில கிழவர்களும் விழுந்தார்கள், ஆனால் அதை யார் கவனித்தது? ஊர் கை தட்டியது. விசில் அடித்தது. “வலிக்குதா டீச்சர்? நல்லா வலிக்கட்டும்!” என்று ஒருத்தி கத்தினாள். சாமியார் கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார். அவர் முகத்தில் முதல் பெஞ்சுக்காரனின் பழைய சந்தோஷம் இருந்தது.

“டீச்சர், இனிமே அந்த வார்த்தைய வாயால சொல்றதில்லன்னு இந்த இடத்துல எல்லாருக்கும் முன்னால சத்தியம் பண்ணுங்க. நாற்காலியையும் மறந்திருங்க. மதர்ட்ட சொல்லி எழுப்பிவிடச் சொல்லுதேன்.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வெயில் அவர் முகத்தில் அடித்தது.

“எல்லாரும்,” என்றார், “முட்டி போடு.”

மைதானம் மொத்தமும் ஒரே சத்தமாக விழுந்தது. சாமியார் அவருக்கு நேர் எதிரில், மூக்குக்கு மூக்காக விழுந்தார்.

“இப்ப உங்க மதர்ட்ட சொல்லி என்னைய எழுப்பிவிடச் சொல்லுங்க சாமி. நான் எந்திரிச்சாத்தான் நீங்க எந்திரிப்பீங்க.”

“சிஸ்டர்! மதரை எழுப்புங்க!”

மதர் கபிரியேல் அதற்குள் தலை சாய்ந்து, வாய் திறந்து, தூங்கிப் போயிருந்தார். சிஸ்டர் ஜெரோசா தோளைத் தொட்டு உலுக்கினார். மதர் கண்ணைத் திறக்காமலே, “யாரது சத்தம் போடுதது? முட்டி போடு,” என்று சொல்லிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். சிஸ்டர் கையை எடுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. அழுகிறவர்கள் அழுதார்கள், திட்டுகிறவர்கள் திட்டினார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளும், பி பிரிவுக்காரர்களும், அசலூர்க்காரர்களும், கஸ்பாரும்தான். கஸ்பார் தன் வண்டிக்குப் போக, கூட்டத்தின் ஊடே காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தான்.

“ஏல கஸ்பார்,” என்றார் டீச்சர். இத்தனை நாளும் கேட்காமல் அடக்கி வைத்திருந்ததை இனியும் அடக்க அவரால் முடியவில்லை. “நீயும் என் கிளாசுதான?”

“ஆமா டீச்சர்.”

“பெறகு ஏம்ல நீ விழல? நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணும் உனக்கு ஏறலையா?”

கஸ்பார் பின்னந்தலையைச் சொறிந்தான். “அப்படி இல்ல டீச்சர். கடைசிப் பரீட்சை அன்னைக்கு என்னைய வெளிய முட்டி போட வச்சீங்க. மணி அடிச்சுது, பிள்ளைங்க போயிட்டு. நீங்களும் குடைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. எந்திரின்னு சொல்லல.”

“மறந்திருப்பேன்.”

“மறந்துதான் போனீங்க. நாளைக்கு வந்து சொல்லுவீங்கன்னு பாத்தா, நாளையில இருந்து லீவு.”

“அப்புறம்?”

“கால் வலிச்சுது. எந்திரிச்சிட்டேன்.”

“யாரு சொல்லி?”

“யாரும் சொல்லல டீச்சர்.”

“யாரும் சொல்லாம எப்படில எந்திரிப்ப?” டீச்சர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

“எப்படின்னா?” கஸ்பாருக்குக் கேள்வி பிடிபடவில்லை. “ஒரு கால முதல்ல ஊனணும். பெறகு அடுத்த கால். எல்லாரும் எந்திரிக்க மாதிரித்தான்.” அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான், சுகமில்லாத ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருந்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டைத் தாண்டியது. பிறகு கவுன்சிலர் வியாகுலம் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், ஒரு காலை ஊன்றினாள். அடுத்த காலை ஊன்றினாள். நின்றாள். நின்றுவிட்டோம் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, ஏமாந்தவளின் ஆத்திரம். அவளைப் பார்த்துக் கண்டக்டர் எழுந்தார், சலூன்காரர் எழுந்தார், அன்றைக்குத் தாலியோடு விழுந்த மாப்பிள்ளை எழுந்தான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்தார்கள், மதரின் கிழட்டு மாணவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் இவள் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தோமே என்பதை அவர்களால் மன்னிக்க முடியவில்லை. யாரை மன்னிப்பது என்று தெரியாததால் டீச்சரை முன்பைவிடக் கூடுதலாக வெறுத்துக்கொண்டு, காறித் துப்பிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கக் கலைந்து போனார்கள். மஸ்கட்டில் இருந்தவனுக்கு யாரோ போன் போட்டுச் சொன்னார்கள்.

மைதானத்தில் முட்டி போட்டபடி இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

தெக்லா டீச்சர் வலது காலுக்குச் சொல்லிப் பார்த்தார். கால், நாற்காலியில் தூங்குகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறந்ததிலிருந்து ஒருவர் சொல்லாமல் எழுந்தது கிடையாது அந்தக் கால். எதிரே அமலதாஸ் சாமியார் ஒரு கையை மண்ணில் ஊன்றினார், ஆயர் இல்லம் இருக்கும் திசையைப் பார்த்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“டீச்சர், ஒரே ஒரு வார்த்தை. சொல்லிருங்களேன்.”

“முதல்ல மதர் எனக்குச் சொல்லட்டும்.”

“மதர் முழிக்கச் சாயங்காலம் ஆகும்.”

“ஆகட்டும்.”

“முட்டி பிஞ்சு போவுது டீச்சர்.”

“எனக்கும்தான்ல பிஞ்சு போவுது.”

சிஸ்டர் ஜெரோசா மத்தியான மணியை அடித்தார். பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு ஓடி வந்து, இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று மட்டும் ஓடாமல் நின்று, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

“யாரு தப்பு பண்ணினது?” என்று கேட்டது.

டீச்சரும் சாமியாரும், ஒரே நேரத்தில், கையை நீட்டி ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.